தூளி இல்லாமல் தூங்க மறுக்கும் மகள்

மகளுக்கு 2 வயது 3 மாதம், எடை 12 கிலோ. பிறந்ததிலிருந்து அம்மாவின் பழைய நூல் புடவையில் கட்டிய தூளியில்தான் தூக்கம். மூன்று வாரத்துக்கு முன் தாம்பரம் பக்கம் வாடகை வீட்டுக்கு மாறினோம், இங்கே கூரையில் கொக்கி இல்லை, சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார், அப்புறம் கொக்கிக்கு எங்கே போவது. இரவு 9 மணிக்குப் பாயில் போட்டால் 12 வரை அழுகை, நடுவில் எழுந்து மேலே கையைக் காட்டி "ஆட்டு" என்கிறாள்.

தட்டிக் கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், பகல் தூக்கத்தையும் குறைத்துப் பார்த்தாயிற்று. தொட்டில் ஸ்டாண்டு வாங்கினோம், அவள் உதைத்ததும் சாய்ந்தது, பயந்து மடக்கி வைத்துவிட்டேன். அதே புடவையைப் பாயில் விரித்தால் மட்டும் அரைமணி நேரம் தாங்குகிறது.

இந்த வயதில் தூளியை விடவைத்தவர்கள், முதல் வாரம் இரவில் என்ன செய்தீர்கள்?