மவுன்ட் வெர்னன்: கல் மாதிரி தெரியும் பலகைச் சுவர்

வர்ஜீனியாவில், பொடோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டைப் படத்தில் பார்ப்பவர்கள் கல் கட்டடம் என்றே நினைப்பார்கள். வெளிச்சுவர் முழுக்கப் பைன் பலகை. பலகையின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, நடுநடுவே நெட்டுக்கு, அதாவது மேலிருந்து கீழாக, பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். கிடையாக ஓடும் கோடு இரண்டு பலகை சேரும் நிஜ இணைப்பு. நெட்டுக்கோடு வெறும் வெட்டு. அதன்மேல் பெயிண்ட், பெயிண்ட் காயுமுன் மணல்.

மணல் விஷயத்தில் மனிதர் ரொம்பக் கண்டிப்பு. 1799 அக்டோபரில் கட்டடக் கலைஞர் வில்லியம் தார்ன்டனுக்கு எழுதிய கடிதத்தில் செய்முறையே இருக்கிறது. சுத்தமான வெள்ளை மணல் கிடைப்பது அரிது, ஆகவே மிருதுவான கல்லை இடித்துச் சலிக்க வேண்டும், தூசியை இளங்காற்றில் பிரித்துவிட வேண்டும். நம்மூரில் நெல் தூற்றும் அதே வேலைதான். தூசி தங்கினால் அது எண்ணெயைக் குடித்துவிடும், மணல் பதியாது. கடைசிக் கோட்டிங்கைக் கெட்டியாக அடித்து, இனி ஒட்டாது என்கிற வரை மணலை வீசியடிக்க வேண்டும். அதனால் சுவர் முழுக்க அடித்துவிட்டு மணலுக்கு வருவது நடக்காது. கொஞ்சம் அடி, உடனே வீசு.

—

பழுது முதலில் வருவது அந்தப் பொய் நெட்டுக்கோட்டில்தான். அங்கே மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். தண்ணீரை உறிஞ்சும், பெயிண்ட் வெடிக்கும். பலர் செய்யும் தப்பு, கிடை இணைப்பையும் சேர்த்து சீலன்ட் வைத்து அடைப்பது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகை பின்பக்கமிருந்து உளுத்துவிடும். அந்தக் காலத்து வீடுகளின் பழைய பூச்சில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, நனைத்துச் சுரண்ட வேண்டும்.

அண்மைய சீரமைப்பில் பெரிய தலைவலி சுவர் இல்லை, அதைத் தாங்கும் அடிச்சட்டம். கறையான் அரித்ததால் மரச்சட்டகத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் பிடிப்பு குறைந்துபோயிருந்தது. புயல் காற்றில் இது ஆபத்து.

—

ஜார்ஜியன் (18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கட்டடப் பாணி) என்றால் சமச்சீர் என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் மேற்கு முகப்பில் ஜன்னல்களை எண்ணிப் பாருங்கள், இடைவெளி ஒத்துவராது. 1734இல் கட்டிய சின்ன வீட்டை இடிக்காமல், 1758 வாக்கில் மாடி உயர்த்தி, 1774க்குப் பிறகு இரு பக்கமும் நீட்டினார்கள். வேலை செய்தவர்களில் கூலிக் கைவினைஞர்களும் உண்டு, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களும் உண்டு. கோணலை மறைக்கத்தான் நடுவில் முக்கோண முகடும் கூரைமேல் கூண்டுக் கோபுரமும். கண் நேராக அங்கே போய்விடும்.

அந்தக் கோபுரம் அழகுக்கு மட்டும் இல்லை. அதன் ஜன்னல்களைத் திறந்தால் படிக்கட்டு வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியேறும், ஆற்றுப் பக்கக் கதவு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். உச்சியில் 1787இல் வைத்த புறா வடிவக் காற்றுதிசை காட்டியின் நகல் இருக்கும், பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.