ரீடிங்ல டெரஸ் வீடு, தோட்டம் கையளவு. ஹீட் பம்ப் எது போடலாம்?

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். இங்கிலாந்துல ரீடிங்ல இருக்கோம், 1900 வாக்குல கட்டின டெரஸ் வீடு, ரெண்டு பக்கமும் வீடு ஒட்டியிருக்கு. பின்னாடி தோட்டம்னு சொல்றதே பெரிய வார்த்தை, 5 மீட்டர் அகலம் 9 மீட்டர் நீளம், அதுலயும் ஒரு ஷெட். பின்பக்கமா வரணும்னா 90 சென்டிமீட்டர் சந்து ஒண்ணுதான், அதுவும் நாலு வீட்டுக்குப் பொது. கேஸ் பாய்லருக்கு 16 வயசாச்சு, போன டிசம்பர்ல ரெண்டு நாள் படுத்துடுச்சு, ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா மங்கி கேப் போட்டுட்டே சமைச்சாங்க. அதனால ஹீட் பம்ப்புக்கு (வெளிய இருக்கிற சூட்டை கரண்ட்ல இழுத்து வீட்டுக்குள்ள தர்ற மிஷின்) மாத்திடலாம்னு ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்டேன். ஒருத்தர் வீட்டுக்குள்ள கூட வராம, எத்தனை பெட்ரூம்னு போன்ல கேட்டு 12 கிலோவாட் ஏர் சோர்ஸ் (வெளிக்காத்துலேர்ந்து சூடு எடுக்கிற வகை), எல்லா ரேடியேட்டரும் மாத்தணும்னார். இன்னொருத்தர் நிலத்துக்கு அடியில வருஷம் பூரா 10, 12 டிகிரி இருக்கும், போர் போட்டு கிரவுண்ட் சோர்ஸ் பண்ணா கரண்ட் கம்மின்னு சொல்றார். எது சரி?

பழையபைப்:
ப்ரோ, கிரவுண்ட் சோர்ஸை மறந்துடுங்க. பைப்பைச் சுருள் சுருளா புதைக்கிற முறைக்கு, தோராயமா ஒரு கிலோவாட்டுக்கு 10 மீட்டர் பள்ளம் வேணும், ஒரு மீட்டருக்கு மேல ஆழம், பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல நல்ல இடைவெளி. உங்க 9 மீட்டர்ல ஒரு பள்ளம் வெட்டவே ஷெட்டை எடுக்கணும். போர்னா நம்ம ஊர் போர்வெல் லாரி மாதிரிதான், 100 மீட்டர் தாண்டி இறக்கணும். ரிக் மட்டும் வந்தா போதாது, கம்ப்ரஸர், தண்ணி, வெளிய வர்ற சேறு எல்லாத்துக்கும் இடம் வேணும், அந்த சந்துல நடக்காது. அரசாங்க மானியமும் ஏர், கிரவுண்ட் ரெண்டுக்கும் ஒரே 7,500 பவுண்ட்தான், போர் செலவு உங்க தலையில.

ஆனா 12 கிலோவாட்ங்கறதும் எனக்கு உறுத்துது. வருஷத்துக்கு எவ்ளோ கேஸ் எரிக்கிறீங்க?

கேள்வி கேட்டவர்:
பில்லுல பார்த்தேன், 14,500 யூனிட் (kWh).

பழையபைப்:
அதை 2,900 ஆல வகுங்க, 5 வருதா? குத்துமதிப்பா உங்க வீட்டுக்குத் தேவை 5 கிலோவாட். இது முதல் பார்வைக்கு மட்டும்தான், ரூம் ரூமா அளந்து ஹீட் லாஸ் கணக்கு (எவ்ளோ சூடு வெளிய போகுதுன்னு) போடாத ஆள்கிட்ட கையெழுத்து போடாதீங்க. 12 வாங்கினா பெரிய மிஷின், லேசான குளிர்ல குறைச்சு ஓடத் தெரியாம ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு அடிச்சுக்கும், ஆயுசும் போகும் கரண்ட்டும் போகும்.

ஹீட் பம்ப்ல தண்ணி பாய்லர் அளவுக்குச் சூடா ஓடாது, உங்க ரேடியேட்டருக்கு அது போதுமான்னு பார்க்க காசில்லாம ஒரு டெஸ்ட் இருக்கு. நல்ல குளிர் நாளா பார்த்து, பாய்லர்ல ஹீட்டிங் ஃப்ளோ டெம்பரேச்சரை (ரேடியேட்டருக்குப் போற தண்ணியோட சூடு) மட்டும் 50 டிகிரிக்கு இறக்குங்க (குழாய்ல வர்ற சுடுதண்ணி செட்டிங்ல கை வைக்காதீங்க), நாள் பூரா ஓட விடுங்க. எந்த ரூம் சூடாகலையோ அந்த ரேடியேட்டரை மாத்தினா போதும்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ஆசை காட்டுறீங்க. ஒரு யூனிட் கரண்ட் விலை கேஸ் மாதிரி கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு மூணு யூனிட் சூடுதான் வருதுன்னா பில் கூடும், கேஸ் பாய்லர்லயும் கொஞ்சம் சூடு வீணாகுறதால, மூணரைக்கு மேல போனாத்தான் சமம். தண்ணிய 55ல ஓட்டினா அது கஷ்டம், 45க்குக் கீழ ஓட்டணும். கேஸ் கனெக்‌ஷனையே வெட்டினா அதோட தினக்கட்டணம் மிச்சம், அதுக்கு அடுப்பும் இண்டக்‌ஷனுக்கு மாறணும். அம்மாகிட்ட கேட்டீங்களா?

ஹரோ அண்ணை:
தம்பி, நாங்கள் 2023ல ஏர் சோர்ஸ் பூட்டினனாங்கள். சத்தத்துக்குப் பயப்பிடாதேங்கோ, எங்க வைக்கிறீங்கள் எண்டதுதான் விசயம். எங்களுக்குப் பூட்டினவர் முதல்ல ரெண்டு சுவருக்கு நடுவில மூலையில வைச்சிட்டார், அது ஊதின குளிர்க்காத்தையே திருப்பி இழுத்துக் கொண்டு நிண்டது, பிறகு கழட்டி மாத்தினது. ஈரமான குளிர் காலையில மிசின்ல ஐஸ் பிடிக்கும், அது தானே உருக்கேக்க ஆவி புகை மாதிரி எழும்பும், முதல் நாள் மனிசி நெருப்புப் பிடிச்சிட்டுது எண்டு கத்தினவ. அந்தத் தண்ணி நடைபாதைக்கு வந்தா உறைஞ்சு வழுக்கும், அடியில கல்லுப் போட்ட குழி கட்டாயம். புரொப்பேன் போட்ட மாடல் எண்டா ஜன்னல், கதவு, கான் (சாக்கடை) மூடிக்குப் பக்கத்தில வைக்கேலாது, அந்த வாயு தீப்பிடிக்கும், காத்தை விடப் பாரம். முந்தி எல்லையில இருந்து 1 மீட்டர் தள்ளி வைக்கோணும், இங்கிலாந்தில 2025 மே கடைசியில அந்த விதியை எடுத்திட்டினம், சத்தக் கணக்கு மட்டும் இன்னும் இருக்கு.

கேள்வி கேட்டவர்:
டெஸ்ட் பண்ணிட்டேன், வெளிய மைனஸ் 1. 50 டிகிரில கீழ 20, முன் பெட்ரூம் 19, அம்மா படுக்கிற பின் ரூம் மட்டும் 17 தாண்டல. போய் பார்த்தா ஒத்தைப் பேனல் ரேடியேட்டர், அதுமேல கட்டிலை ஒட்டிப் போட்டு போர்வையும் தொங்குது. கட்டிலை இழுத்துப் போட்டதும் 18 வந்துச்சு! அந்த ஒண்ணை மாத்தினா போதும்போல. மூணாவதா ஒருத்தரைக் கூப்பிட்டேன், அரை நாள் இருந்து ஜன்னல் ஜன்னலா அளந்தார், 5.4 கிலோவாட், 6 கிலோவாட் மிஷின் போதும்னுட்டார். ஷெட்டை எடுத்துட்டு அங்க வைக்கலாமாம். இண்டக்‌ஷனுக்கு அம்மா இன்னும் சம்மதிக்கல. இப்ப ஒரே தலைவலி, சுடுதண்ணி சேத்து வைக்கிற 180 லிட்டர் சிலிண்டர் எங்க வைக்கிறது? பாய்லர் இருக்கிற அலமாரிலதான் நிக்கும், அங்கதான் தோசை மாவு பொங்க வைக்கிறோம்.

பழையபைப்:
இப்ப வர்ற சிலிண்டரைச் சுத்தி நல்ல இன்சுலேஷன், அலமாரி பழைய மாதிரி கதகதன்னு இருக்காது, மாவுக்கு வேற இடம் பாருங்க. அதை விட முக்கியம், டெரஸ் வீடுன்னா பக்கத்து வீட்டோட ஒரே கேபிள்ல கரண்ட் வர வாய்ப்பு இருக்கு, அப்படின்னா அது ஹீட் பம்ப்பைத் தாங்குமான்னு முதல்ல பார்க்கணும். மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் ஃபியூஸ்ல ஒரு கேபிள் வருதா ரெண்டு வருதான்னு போட்டோ எடுத்துப் போடுங்க. எதையும் தொடாதீங்க, போட்டோ மட்டும்.