'யுவர் நேம்' படத்து ஊருக்கு எப்படிப் போறது?

கேள்வி (மட்டக்களப்பு): சித்திரை வருசப்பிறப்பு லீவோட ஜப்பான் போறம். 'யுவர் நேம்' எண்ட ஜப்பான் அனிமே படத்தில வாற ஸ்டேஷன், லைப்ரரி, ஏரி மூண்டையும் டோக்கியோவில இருந்து ஒரே நாளில பார்க்கலாமா?

பதில் (கல்முனை): ஏலாது தம்பி. ஸ்டேஷனும் லைப்ரரியும் கிஃபு மாகாணத்து ஹிடா ஃபுருகாவாவில. ஏரி அங்க இல்ல, படத்து ஊரே கற்பனை. ரசிகர்கள் ஏரிக்கெண்டு போறது நாகானோ மாகாணத்து சுவாவுக்கு; தத்தேயிஷி பூங்கா மேட்டில இருந்து பார்க்கணும். அதுக்கு வேற நாள் வைங்க.

ஃபுருகாவாவுக்கு நாகோயாவில 'ஹிடா' எக்ஸ்பிரஸ் ரயில் பிடிங்க, ரெண்டரை மணித்தியாலம் அளவில. பயணக் கட்டணம் வேற, எக்ஸ்பிரஸ் கட்டணம் வேற. ஆக்கள் மாட்டுப்படுறது இங்கதான்: கன 'ஹிடா' ஃபுருகாவாவுக்கு முந்தி வாற தாக்காயாமாவோட நிண்டிரும். அதுக்கு அங்கால லோக்கல் ட்ரெயின் 15 நிமிசம்தான், ஆனா ஒண்டை விட்டா அடுத்ததுக்குக் காவல் இருக்கணும். திரும்பி வாற நேரத்தையும் முதலே குறிச்சு வைங்க.

பதில் (அக்கரைப்பற்று): தேதியையும் பாருங்க. ஏப்ரல் 14, 15 தாக்காயாமா திருவிழா, 19, 20 ஃபுருகாவா திருவிழா. ரூம் லேசில கிடைக்காது. விசாவுக்கு நாள்வாரியாப் பயணத் திட்டம் குடுக்கணும், அதால ரூமை முதல் பிடிங்க.

லைப்ரரியில கவுண்டர்ல கேட்டுட்டுத்தான் போட்டோ. வாசிக்கிற ஆக்கள்ற முகம் விழப்படாது. ஸ்டேஷன் காட்சிக்குப் பக்கத்து மேம்பாலத்தில ஏறுங்க. ரயில் மட்டும் ஒத்துவராது: படத்தில வாறது கிஹா 85 எண்ட பழைய 'ஹிடா' ரயில், இப்ப ஓடுறது எச்.சி. 85 எண்ட புது ரயில்.