ஜிசிசி 10 க்கு மாறிய பிறகு 5.6 கேர்னல் பூட் ஆகவில்லை, உதவி தேவை

கேள்வி (களுவாஞ்சிகுடி)
வணக்கம். கம்பஸ் ப்ரொஜெக்டுக்காக லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் 5.6.0 பதிப்பை நானே கொம்பைல் செய்து ஓட்டுகிறேன். கேர்னலுக்குள் ஏற்றுகிற எங்கள் மொடியூல் அந்தப் பதிப்புக்கென்றே எழுதியது, அதனால் வேறு பதிப்புக்குப் போக முடியாது. டெபியன் லினக்ஸ் 10 இல் ஜிசிசி 8 கொம்பைலர் இருந்தவரை ஒரு கரைச்சலும் இல்லை. டெபியன் 11 போட்டதும் ஜிசிசி 10 வந்துவிட்டது. அதே சோர்ஸ், அதே கொன்ஃபிக், மேக் கிளீன் கொடுத்துத்தான் கட்டினேன். எரர் இல்லாமல் முடிகிறது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் "லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்" என்ற வரியோடு திரை அப்படியே நின்றுவிடுகிறது. ராம்டிஸ்கை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிக ஃபைல் தொகுப்பு) புதிதாக உருவாக்கியும் பலனில்லை. டெபியனோடு வந்த 5.10 கேர்னல் நன்றாக ஏறுகிறது. அடுத்த கிழமை டெமோ.

பதில் (ஏறாவூர்)
தங்கச்சி, டெமோ கிட்ட என்றால் ஜிசிசி 9 ஐ இன்ஸ்டோல் பண்ணி, மேக் கொடுக்கும்போது சிசி=ஜிசிசி-9 என்று சேர்த்துக் கட்டுங்கள். டெபியன் 11 இல் அது இருக்கிறது. 10 இல் ஏதோ பக் போல.

பதில் (அக்கரைப்பற்று)
நானா சொன்னது அவசரத்துக்கு உதவும். ஆனால் கொம்பைலர் மேல் பழி போட முடியாது. ஏறுகிற 5.10 இல், கேர்னல் எதில் கட்டப்பட்டது என்று காட்டும் ப்ரொக் வேர்ஷன் ஃபைலைப் பாருங்கள், அதுவும் ஜிசிசி 10 இல் கட்டியதுதான்.

ராம்டிஸ்க் வரி உங்களை வேறு பக்கம் இழுக்கிறது. அது கேர்னலை ஏற்றிவிடும் கிரப் என்ற ப்ரோகிராம் எழுதிய கடைசி வரி. அதற்குப் பிறகு கேர்னல் விழுந்தாலும், திரையை எடுத்துக்கொள்ளும் முன்பே விழுந்தால் ஒன்றும் தெரியாது. லொக்கும் டிஸ்கில் இருக்காது. கிரப் மெனுவில் "இ" அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் செய்திகளை மறைக்கும் குவைட்டை எடுத்துவிட்டு, ஆரம்பச் செய்திகளைத் திரையில் காட்ட ஏர்லிகொன்=இஎஃப்ஐஎஃப்பி என்று சேருங்கள். போனில் வீடியோ எடுங்கள். அப்புறம் ப்ரொசஸரின் ஒரு கோரை மட்டும் பயன்படுத்த என்ஆர்_சிபியூஸ்=1 போட்டும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

கேட்டவர்
ஒரு கோரோடு ஏறுகிறது! அது இல்லாவிட்டால் வீடியோவில் இப்படி: "கேர்னல் பானிக்: ஸ்டாக் ப்ரொடெக்டர்: கேர்னல் ஸ்டாக் இஸ் கரப்டட் இன்: ஸ்டார்ட்_செகண்டரி".

பதில் (அக்கரைப்பற்று)
சரி, ஆள் பிடிபட்டுவிட்டது. ஸ்டாக் ப்ரொடெக்டர் ஒரு ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஸ்டாக்கில் ஓர் எண்ணை வைக்கும், வெளியேறும்போது அது மாறவில்லையா என்று பார்க்கும். இரண்டாவது கோர் முதல் மற்றக் கோர்கள் எழும்பும்போது அவற்றில் ஓடும் ஃபங்ஷன் ஸ்டார்ட்_செகண்டரி. அந்தக் கோருக்கான எண்ணையே அதன் நடுவில்தான் புதிதாக மாற்றுகிறார்கள். அது ஒருபோதும் திரும்பி வராத ஃபங்ஷன், அதனால் முன்பு சோதனை நடந்ததே இல்லை. ஜிசிசி 10 கடைசி அழைப்பான சிபியூ_ஸ்டார்ட்டப்_என்ட்ரியை வெறும் ஜம்ப்பாகச் சுருக்கி, சோதனையை அதற்கு முன்னால் வைக்கிறது. உள்ளே பழைய எண், வெளியே புதிய எண். உடனே பானிக்.

2020 மே மாதத்தில் கேர்னல் டெவலப்பர் பொரிஸ்லாவ் பெட்கொவ் இதைத் திருத்தினார், 5.7 இல் அது இருக்கிறது. எக்ஸ்86 கேர்னல் ஃபோல்டரில் எஸ்எம்பிபூட்.சி ஃபைலைத் திறந்து, அந்தக் கடைசி அழைப்புக்குக் கீழே எம்பி() என்ற மெமரி பேரியரை ஒரு வரியாகப் போடுங்கள். அழைப்பு கடைசியாக இல்லாவிட்டால் ஜம்ப்பாக மாறாது. இனிட் ஃபோல்டரின் மெயின்.சியில் ஸ்டார்ட்_கேர்னல் முடிவிலும் அப்படியே போடுங்கள். ஸ்டாக் ப்ரொடெக்டரை கொன்ஃபிக்கில் நிறுத்தினாலும் பூட் ஆகும், ஆனால் மொடியூல் எழுதுகிறவருக்கு அந்தக் காவல் கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்
இரண்டு வரியும் போட்டுக் கட்டினேன், எல்லாக் கோர்களோடும் ஏறிவிட்டது. மொடியூலும் லோட் ஆகிறது. பெரிய உதவி அண்ணா. பேட்சாக எடுத்து மற்றக் குழுக்களுக்கும் அனுப்புகிறேன், அவர்களும் இதே சோர்ஸில்தான் நிற்கிறார்கள்.