கீழாநெல்லிப் பொடியைப் பிரித்தறிய உதவி வேண்டும்

வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காகக் கீழாநெல்லியையும் சிவப்புக் கீழாநெல்லியையும் ஒப்பிட்டு வருகிறேன். பச்சையாக இருந்தால் பிரிப்பது எளிது: சிவப்பின் காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருக்கும், மற்றதன் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். பொடியாகிவிட்டால் கண் உதவாது. மஞ்சள் காமாலைக்கு மக்கள் நம்பிச் சாப்பிடுகிற பொடி, மாறிப்போகக் கூடாது.

ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் கீழாநெல்லி இலையில் நிறைய உண்டு. சிவப்பில் மிகக் குறைவு. அதை வைத்துத்தான் மெல்லடுக்கு நிறப்பகுப்பில் (TLC: பூச்சுத் தகட்டில் கரைப்பான் ஏறும்போது பொருள்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும் முறை) இரண்டு பொடிகளையும் பிரித்தறியப் பார்க்கிறேன். ஆனால் ஹெக்சேன், எத்தில் அசிடேட் கரைப்பான் கலவையில் அந்த இரண்டு வேதிப்பொருள்களின் புள்ளிகளும் ஒட்டியே ஏறுகின்றன. டொலுயீன் சேர்த்து ஓட்டியவர்கள் இருந்தால் விகிதம் சொல்லுங்கள். அப்புறம், புள்ளிகள் நிறமாகத் தெரிய வனிலின்-கந்தக அமிலம் தெளித்த பிறகு தகட்டை எவ்வளவு நேரம் சூடாக்கினீர்கள்?