புதுப்பிப்பு: சாப்பாட்டு நேரத்துக் கோபம்

தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்ட மகளிடம் கத்திவிட்டேன், ஏனென்று தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஓரளவு புரிகிறது.

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடையான எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள் ஆகும். அந்த நாட்களில் என் தாடை இறுகிவிடுகிறது; தோள் காதுவரை ஏறிவிடுகிறது. மனைவிதான் கவனித்துச் சொன்னாள்: "நீங்கள் கத்துவதற்கு முன்பே சோறு பிசைவதை நிறுத்திவிடுகிறீர்கள்." எனக்கே தெரியாத அடையாளம் அது! ஆபத்தென்றால் மோதவோ ஓடவோ உடல் தயாராகும் என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் விளக்கியது இதைத்தான். அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. எதிரே இருப்பதோ ஒரு குழந்தை.

இப்போதெல்லாம் கை நின்றால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறேன். மகளிடம் மன்னிப்பும் கேட்டேன். நேற்று அவளே, "அப்பா, கை நிற்கிறது" என்றாள்.