ஒரு கேள்விக்கு 12 நிமிடமா?

சாக்பீஸ்: நேற்று இங்கே ஒருவர், முதல் செமஸ்டரில் பைதான் என்கிற புரோகிராமிங் மொழி வகுப்பில் லெக்சரைக் குறைத்து, கேள்வி போட்டு ஓட்டெடுத்து, மாணவர்களைப் பேசவிடச் சொல்லியிருந்தார். எரிச்சல்தான் வந்தது. ஏ = 5, பி = ஏ, ஏ = 7. இப்போது பி என்ன? இந்த மூன்று வரிக்கு ஓட்டெடுப்பு, பக்கத்துப் பையனோடு பட்டிமன்றம், மறுபடி ஓட்டு. 12 நிமிடம் காலி. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டப்படி ஐந்து யூனிட், 45 பீரியட். கடைசியில் வரும் ஃபைல் ஹேண்ட்லிங்கை, அதாவது ஃபைலைத் திறந்து படித்து எழுதும் பாடத்தை, அவரா வந்து நடத்துவார்?

பிட்டும் பைட்டும்: எழுதியவள் நான்தான் சார். என் வகுப்பில் பாதிப் பேர் 7 என்றே கை தூக்குவார்கள். பள்ளிக் கணக்கில் சமக்குறி போட்டால் இரண்டு பக்கமும் என்றைக்கும் சமம். பைதானில் அந்த வரி ஓடும்போது இருக்கிற மதிப்பை எடுத்துக்கொள்வதோடு சரி; பி 5லேயே நிற்கும். போர்டில் எழுதினால் தலையாட்டுவார்கள், அப்புறம் ஏ, பி மாதிரி இரண்டு வேரியபிளின் மதிப்பை இடம் மாற்றும் புரோகிராமில் கவிழ்வார்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் இயற்பியல் வகுப்பில் தொடங்கியது இந்த ஓட்டும் பேச்சும் முறை. சான் டியாகோவில் லியோ போர்ட்டர் குழு நாலு கணினிப் பாடங்களை வைத்துப் பார்த்தது. ஃபெயில் 20 சதவீதத்திலிருந்து 7 ஆனது என்று 2013இல் எழுதினார்கள்.

சாக்பீஸ்: அங்கே கையில் கிளிக்கர், பட்டனை அழுத்தி ஓட்டுப் போடும் கருவி. இங்கே 64 பேர், ஓடாத ஃபேன் இரண்டு. 12 நிமிடமா, இல்லையா?

பிட்டும் பைட்டும்: கிளிக்கர் எதற்கு? நாலு கலர் அட்டை போதும். முதல் ஓட்டு வாய் திறக்காமல், தனித்தனியாக. அதிலேயே முக்கால்வாசிப் பேர் சரி என்றால் பேச்சே வேண்டாம், அடுத்த கேள்வி. பேசினாலும் எட்டு நிமிடம்தான்.

சாக்பீஸ்: எட்டா, பன்னிரண்டா? மேடம் முதலில் முடிவு செய்யட்டும்.

லேப் அண்ணன்: ரெண்டு பேரும் லேபுக்கு வந்து பாருங்கள். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். ஒருவன் தட்டுவான், மற்றவன் ரீல்ஸ் பார்ப்பான். கேட்டால் 'பேர் (pair) புரோகிராமிங்', ஜோடியாக புரோகிராம் எழுதுவதாம்!

பிட்டும் பைட்டும்: அது சிஸ்டம் பற்றாக்குறை அண்ணா. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டைக் கைமாற்றச் சொன்னீர்களா?

லேப் அண்ணன்: சொல்ல வேண்டிய ஸ்டாஃப் அட்டெண்டன்ஸ் போட்டதும் கேன்டீனுக்குப் போய்விடுகிறார். பெயர் வேண்டாம்.

சாக்பீஸ்: ஜாடை எனக்கா?

பழைய சி: பைதானில் ஆரம்பித்ததே தப்பு. சி மொழியில் பாயின்டர், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள் வரைக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்தால் இந்த ஓட்டு, அட்டை எதுவும் தேவைப்படாது.

பிட்டும் பைட்டும்: அய்யா, போன மாதமும் டர்போ சி என்கிற பழைய சி சாஃப்ட்வேருக்கு ஒப்பாரி வைத்தீர்கள், கேட்டாயிற்று. சாக்பீஸ் சார், ஓட்டு பிடிக்கவில்லையா, பார்சன்ஸ் புதிர் கொடுங்கள். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பட்ரீஷியா ஹேடனும் 2006இல் கொண்டுவந்தது. புரோகிராம் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது. இன்டென்டேஷனையும், வரிக்கு முன்னால் விடும் இடைவெளியையும்தான், அவர்களே வைக்க வேண்டும். ஐந்து நிமிடம்.

சாக்பீஸ்: 12ம் 5ம் 17.

பிட்டும் பைட்டும்: எட்டு என்றேன்!

முதல் வருஷம்: எங்கள் சார் அந்த மூன்று வரியைப் போர்டில் எழுதியே நடத்தினார். பி 7தானே?

பழைய சி: பாயின்டர் படித்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய்.

சாக்பீஸ்: தம்பி, போனை வைத்துவிட்டு ரெக்கார்டு எழுது. மேடம், 12 நிமிடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.